ரூ.900-க்கு ஒரு பாடம்!

'எந்த ரேட்ல வேணும் தம்பி?'

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எந்தக் கடையில் ஏறினாலும் முதல் கேள்வி இதுதான். பொருளின் பெயரைச் சொன்னால் போதாது பாஸ், ரேட்டையும் சொல்லணும். ஒரே பாகம் மூணு டப்பாவில் மேஜைக்கு வரும். கம்பெனி ஒரிஜினல், லோக்கல், அப்புறம் சீனா. மூணும் பார்க்க ஒட்டிப் பிறந்த மாதிரியே இருக்கும்!

போன டிசம்பரில் நான் கை வைத்தது மூணாவது டப்பா.

எங்க வீட்டு வண்டி 1995 மாடல் ஆர்.எக்ஸ்.100. என்னைவிடப் பத்து வயசு மூத்தது. அப்பா அதை 'பெரியவன்'னுதான் கூப்பிடுவார். 1985-ல் அறிமுகமாகி 1996-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி. ஆரம்பத்தில் ஜப்பானிலிருந்து பாகங்களை இறக்கி இங்கே பூட்டினார்களாம். 'மேட் இன் ஜப்பான்' என்று எழுதியிருந்தால் அன்று தனி கெத்து. இறக்குமதி என்ற அதே வார்த்தைக்கு இன்று ஜி.பி. ரோட்டில் அர்த்தமே வேறு... சீப்!

பெரியவனின் கார்புரேட்டர் பெட்ரோலை ஒழுகவிட்டது. ஒரிஜினல் விலை இரண்டு மடங்குக்கும் மேல். சீனா ரூ.900. மெக்கானிக்கல் படிக்கிற திமிர் வேறு! நானே வாங்கி, நானே மாட்டினேன். முறுக்கினால் பறந்தது. அப்பாவிடம், 'சர்வீஸ் பண்ணேம்ப்பா' என்று மட்டும் சொன்னேன்.

மூணாவது நாள் தங்கச்சியை டியூஷனில் விட ஜி.எஸ்.டி. ரோட்டில் போனேன். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி அறுபதில் போகும்போது, சட்டென்று இன்ஜின் இறுகியது. பின் சக்கரம் பூட்டிக்கொண்டு இழுத்தது. டூ ஸ்ட்ரோக் ஓட்டினால் கிளட்ச்மேல் இரண்டு விரல் இருக்கணும் என்பது அப்பா சொல்லிக்கொடுத்தது. விரல்கள் தானாக அமுக்கின. சக்கரம் விடுபட்டது. ஓரம் ஒதுங்கி நின்ற அடுத்த நொடி, பின்னால் வந்த லாரி ஹாரனை அலறவிட்டுக் கடந்தது. தங்கச்சி என் சட்டையை விடவே இல்லை.

புதுப்பேட்டை மெக்கானிக் அண்ணன் பிளக்கைக் கழற்றிப் பார்த்ததுமே சொல்லிட்டார். 'காபி கலர்ல இருக்கணும். வெள்ளையா இருக்கு பாரு. பெட்ரோல் பத்தல தம்பி.'

பழைய கார்புரேட்டர் ஜெட்டையும் புதுசையும் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரே நம்பர். ஒரு மெல்லிய கம்பி பழசில் நுழைந்தது. புதுசில் நுழையவே இல்லை. ஓட்டை சின்னதானால் பெட்ரோல் குறையும், சூடு எகிறும். சூட்டில் அலுமினிய பிஸ்டன் இரும்பு சிலிண்டரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இடைவெளி தீர்ந்ததும் கவ்விக்கொள்ளும். இது நான் இரண்டாம் வருஷம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பதில்!

எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தான் புதுப்பேட்டை. பிரித்த வண்டிகளின் இன்ஜினும் ஃபோர்க்கும் டேங்க்கும் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். தரையில் ஆயில் கருப்பு. 'சீனா ஐட்டமே மோசமாண்ணே?' என்றேன். சிரித்தார். 'அவன் நீ கேக்குற காசுக்குச் செய்யிறான். நல்ல காசு குடுத்தா நல்லதும் செய்வான்.' உண்மைதான். சோங்கிங் என்ற சீன நகரம் உலகின் பல நாடுகளுக்கு பைக் அனுப்புகிறது. கோளாறு நாட்டில் இல்லை, யாரும் அளந்து பார்க்காத அந்த டப்பாவில்.

அண்ணனே ஒரு சூத்திரமும் கொடுத்தார். 'உடைஞ்சா வண்டி அசிங்கமா தெரியும்னா சீப்பா வாங்கு. உடைஞ்சா நீ விழுவேன்னா வாங்காத.'

கிரிப், சீட் கவர், சைடு பேனல் முதல் வகை. பிரேக் ஷூ, கேபிள், செயின், பேரிங் இரண்டாவது. கார்புரேட்டரை எந்த லிஸ்ட்டில் போடுவது என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ஹெல்மெட்டும் அதே லிஸ்ட்தான். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கவே 2021 ஜூனிலிருந்து தடை.

சிலிண்டர் ரீபோர், ஓவர்சைஸ் பிஸ்டன், ஒரிஜினல் கார்புரேட்டர்... மிச்சம் பிடித்ததைப்போல பல மடங்கு செலவு. காசு கேட்கும்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. திட்டுவார் என்று நின்றேன். அவர் திரும்பி, உள்ளே டி.வி. பார்த்துக்கொண்டிருந்த தங்கச்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம், 'கிளட்சை அமுக்கின இல்ல... சரி விடு' என்றார்.

அந்த ரூ.900 கார்புரேட்டர் இப்போ என் ஹாஸ்டல் மேஜையில் பேப்பர் வெயிட். அதுக்கு அது செம குவாலிட்டி பாஸ்!