மூன்று கதிரைகள்

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமைகளில் கலஹாவுக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்து வாசிகசாலையில் நாங்கள் பதின்மூன்று பேர் கூடுவோம். கண்டியிலிருந்து நான் பஸ் ஏறிப் போய்ச் சேர்வதற்குள் எனக்கென்று ஊற்றி வைத்த தேநீர் ஆறிப்போயிருக்கும். வருபவர்களில் பெரும்பாலானோர் 1977 கலவரத்தின் பின்னர் சிறு பிள்ளைகளாகப் பெற்றோருடன் வன்னிக்குப் போனவர்கள். 2009இல் எல்லாவற்றையும் இழந்து, லயத்தில் எஞ்சியிருந்த உறவுகளைத் தேடித் திரும்பி வந்தவர்கள். அவர்களுடைய பேச்சில் தோட்டத்துத் தமிழும் வன்னித் தமிழும் ஒரே வசனத்திலேயே வந்து போகும்.

அன்று நான் போனபோது எல்லோரும் ஒரு கையடக்கத் தொலைபேசியைச் சுற்றி இருந்தார்கள். 2013ஆம் ஆண்டு விஜய் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' நிகழ்ச்சி. பிரகாஷ்ராஜ் கேள்வி கேட்கிறார். பதில் சொல்லும் கதிரையில் கமல்ஹாசன்.

"கமலும் நம்மள மாதிரி யோசிச்சிக்கிட்டுத்தான் இருக்காரு மிஸ்" என்று ஒருவர் சிரித்தார்.

பக்கத்தில் இருந்தவர் சிரிக்கவில்லை. "அவருக்கு லைஃப்லைன் இருக்கு. எங்களிட்டக் கேள்வி கேட்ட இடத்தில ஒண்டும் இருக்கேல்லையே" என்றார்.

அந்த வார்த்தை பஸ்ஸில் திரும்பி வரும்போதும் என்னை விடவில்லை.

பிரபலமான ஒருவரைப் போட்டியாளராக அழைப்பது பார்ப்பவர் தொகையைக் கூட்டும் உத்திதான். அதில் எனக்கு மயக்கமில்லை. கமல் தோற்றாலும் வீட்டில் உலை வைக்கும் அரிசி குறையப் போவதில்லை. ஆனாலும் அவர் பள்ளிப்படிப்பை முடிக்காதவர் என்பது ஊரறிந்த விடயம். அப்படிப்பட்டவர் நாடே பார்த்திருக்கப் பொது அறிவுக் கேள்விகளுக்கு முன்னால் வந்து அமர்ந்தார். 50 இலட்சம் இந்திய ரூபா வென்றார். அந்தப் பணம் எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்டோருக்கு உதவும் 'பெற்றால்தான் பிள்ளையா' என்ற அமைப்புக்குப் போனது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன எங்கள் சகோதரிகள் அதை இரண்டு தடவை பார்த்ததில் ஆச்சரியமில்லை.

பிரபலங்கள் இப்படிக் கதிரையில் வந்து அமரும் வழக்கம் எப்போது தொடங்கியது என்று அன்றிரவு தேடினேன். நம் நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979இல்தான். அதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் முன்னதாக, 1950இல், அமெரிக்காவில் 'வட்ஸ் மை லைன்' என்ற நிகழ்ச்சி தொடங்கியிருக்கிறது. 1967 வரை நடந்தது. வந்திருப்பவர் என்ன தொழில் செய்கிறார் என்பதை ஆம், இல்லை என்ற பதில்களை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். பிரபலமானவர் வந்தால் கேள்வி கேட்போரின் கண்களைக் கட்டிவிடுவார்கள். வந்தவர் குரலை மாற்றிப் பேசுவார். 1957இல் ஓவியர் சல்வடோர் டாலி வந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் ஆம், ஆம் என்றே சொல்லி எல்லோரையும் குழப்பியடித்தாராம். 1953இல் எலினோர் ரூஸ்வெல்ட் வந்திருக்கிறார். ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைப் பிரகடனம் 1948இல் உருவானபோது அதற்கான ஆணைக்குழுவுக்குத் தலைமை தாங்கிய அதே பெண்மணி. நமது பயிற்சிப் பட்டறைகளில் சுவரில் ஒட்டுகிற அந்தப் பிரகடனத்துக்குப் பின்னால் இருந்தவர், ஒரு விளையாட்டு நிகழ்ச்சியில்!

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது இன்னொரு நிகழ்ச்சி. 'டு டெல் த ட்ரூத்', அதாவது உண்மையைச் சொல்வது. மூன்று பேர் வந்து ஒரே பெயரைச் சொல்வார்கள். ஒருவர்தான் உண்மையானவர். மற்ற இருவரும் பொய் சொல்லலாம். உண்மையானவர் மட்டும் பொய் சொல்லக் கூடாது. நடுவர்கள் கேள்வி கேட்டு, தாம் நம்புகிறவருக்கு வாக்களிப்பார்கள். கடைசியில் உண்மையானவர் எழுந்து நிற்பார்.

1980இல் அந்த மூவரில் ஒருவராக வந்தவர் ரோசா பார்க்ஸ்.

சமூகவியல் படித்த காலத்தில் அவர் எனக்கு விரிவுரைக் குறிப்பில் ஒரு வரி. 1955 டிசெம்பர் 1ஆம் திகதி மொன்ட்கொமரி நகரில், வெள்ளையருக்காக பஸ் ஆசனத்தை விட்டு எழ மறுத்துக் கைதான கறுப்பினப் பெண். அதைத் தொடர்ந்து கறுப்பின மக்கள் 381 நாட்கள் பஸ்ஸில் ஏறாமல் நடந்தார்கள். குறிப்பில் இல்லாதவை பல. அவர் ஒரு கடையில் தையல் வேலை செய்தவர். அந்தச் சம்பவத்தின் பின் அந்த வேலை போனது. 1957இல் ஊரை விட்டே டெட்ரோயிட்டுக்குப் போனார். 1965 முதல் ஒரு காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்தில், உதவி கேட்டு வருவோரைக் கவனிக்கும் வேலை. ஏறக்குறைய நான் செய்யும் வேலைதான். 1977இல் கணவரும் அதே ஆண்டில் தம்பியும் இறந்தார்கள். 1979இல் தாயும் போனார். அடுத்த ஆண்டில்தான் அவர் அந்த மூன்று பேரில் ஒருவராக வந்து, 'நான்தான் ரோசா பார்க்ஸ்' என்று சொல்கிறார். அவரோடு வந்த இருவரும் அதையே சொல்கிறார்கள்.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொன்னேன். "புருசனும் தம்பியும் தாயும் அடுத்தடுத்துப் போன பிறகுமா டீவிக்கு வந்தா?" என்று கேட்டார் ஓர் அம்மா. நாங்களும் அதை விளையாடிப் பார்ப்போம் என்றார்கள். மூன்று கதிரைகள் போட்டோம். மூவரும் சொல்ல வேண்டிய வசனம்: "வன்னியில லாண்ட்மாஸ்டர் ஓட்டி வயல் உழுதவள் நான்."

மூவரில் ஒருவர் நன்றாகக் கதைப்பவர். அவர் எரிபொருள் விலை முதல் சேறு தெறித்த சேலை வரை விளாசித் தள்ளினார். மற்றொருவர் சிரித்துச் சிரித்தே அகப்பட்டுக்கொண்டார். மூன்றாவது அம்மா எப்போதும் கதவோரத்தில் இருப்பவர். கேட்டதற்கு மட்டும் சுருக்கமாகப் பதில் சொன்னார்.

"இறக்கத்தில வலப்பக்கம் திருப்பிறதெண்டா என்ன செய்யோணும்?" என்று ஒருவர் கேட்டார்.

"இடப்பக்கத்து கிளட்சைப் பிடிக்கணும்" என்றார் அந்த அம்மா.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வலப்பக்கம் திரும்ப இடப்பக்கத்தைப் பிடிப்பதா? வாக்குகள் எல்லாம் நன்றாகக் கதைத்தவருக்கே விழுந்தன. என்னுடையதும்.

உண்மையானவர் எழுந்து நிற்கலாம் என்றேன். கதவோரத்து அம்மா எழுந்தார். சமதரையில் திரும்பும் பக்கத்தைத்தான் பிடிக்க வேண்டுமாம். இறக்கத்தில் விட்ட சில்லு இழுவையில்லாமல் வேகமாக உருளும், ஆகவே வண்டி மறுபக்கம் திரும்பும், தெரியாமல் பிடித்தால் வாய்க்காலுக்குள் போகவேண்டியதுதான் என்று விளக்கினார். ஓட்டியவருக்கு மட்டுமே தெரிந்த பதில் அது. அதனால்தான் எங்களுக்குப் பொய் போலக் கேட்டது.

அன்று பஸ்ஸில் என்னால் நித்திரை கொள்ள முடியவில்லை. அந்த அம்மாவின் கணவருடைய மரணத்தைப் பதிவு செய்ய ஓர் அலுவலகத்துக்கு நான் அவரை மூன்று முறை அழைத்துப் போயிருந்தேன். எங்கே, எந்தத் திகதி, யார் கண்டது என்று கேட்பார்கள். அவர் தொண்டையைச் செருமுவதற்குள் நான் பதில் சொல்லிவிடுவேன். திகதிகள் எல்லாம் என் கொப்பியில் வரிசையாக இருந்தன. கோர்வையாகச் சொல்வேன். உத்தியோகத்தர் அவரைப் பார்ப்பதே இல்லை, என்னைத்தான் பார்ப்பார். மூன்று முறையும், 'இன்னும் விபரம் வேண்டும்' என்று திருப்பி அனுப்பினார்கள். உதவி செய்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால், அந்த மேசைக்கு முன்னால் அவருடைய பெயரைச் சொல்லிக்கொண்டு நன்றாகக் கதைத்தவள் நான்தான்.

நான்காம் முறை போனபோது கொப்பியைப் பையிலேயே வைத்துவிட்டேன். அவரை முன் கதிரையில் இருத்திவிட்டுச் சுவரோரத்து வாங்கில் போய் இருந்தேன். உத்தியோகத்தர் என்னைப் பார்த்துத்தான் முதல் கேள்வியைக் கேட்டார். அந்த அம்மாவும் திரும்பி என்னைப் பார்த்தார்.

நான் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு அவர் சேலைத் தலைப்பை மடியில் ஒதுக்கிக்கொண்டு கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார்.

"நான் சொல்றன் ஐயா" என்றார். "அண்டைக்குக் காலம்பற தண்ணி எடுக்கத்தான் போனவர்..."