மணி அடித்த பின்னரும்

ஆசிரியத் தொழிலைப் புகழாதவர் நம் நாட்டில் எவரும் இலர். 'அறப்பணி' என்கின்றனர், 'புனிதப் பணி' என்கின்றனர். ஆனால், அப்பணிக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் செல்கின்றது என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே.

புத்தளம் களப்பின் கரையிலே தமிழ் கற்பிப்பவன் நான். காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை பாடசாலை. "அரைநாள் வேலைதானே" என்கின்றது ஊர். என் கணக்கைக் கூறுகின்றேன். நான்கு வகுப்புகள், வகுப்புக்கு 40 மாணவர், கட்டுரைக் கொப்பிகள் 160. ஒன்றுக்கு மூன்றே நிமிடங்கள் என்றாலும் எட்டு மணி நேரம்! மூன்று நிமிடத்தில் பிழையை வட்டமிடலாம். அப்பிழை ஏன் நேர்ந்தது என்று விளக்கி எழுத இயலாது. இதன்மேல் பாடக்குறிப்பு, வரவு இடாப்பு, புள்ளிப் பதிவு. ஓய்வாக இருந்த பாடவேளையையும் வராத ஆசிரியரின் வகுப்பு விழுங்கிவிடுகின்றது.

இதன் விளைவு யாது? உறக்கம் குறைகின்றது, குரல் கம்முகின்றது, கேள்வி கேட்கும் பிள்ளை இடையூறாகத் தோன்றுகின்றது. இலங்கை ஆசிரியருட் பெரும்பான்மையோர் பெண்கள். அவர்களுக்கு வீட்டில் அடுப்படி என்னும் இன்னொரு வேலைநாளும் காத்திருக்கின்றது.

தியாகத்துக்கு இக்கரையின் ஆசிரியர்கள் தயங்கியதில்லை. 1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பகுதியினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் அடைக்கலம் புகுந்தனர். அவர்களின் பிள்ளைகளுக்கும் இங்கே கல்வி புகட்டப்பட்டது. 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது ஆசிரியர்கள் தம் சொந்தத் தொலைபேசியில், சொந்தச் செலவில் கற்பித்தனர். ஆயினும், நெருக்கடிக் காலத்துத் தியாகம் நிரந்தர விதியாகிவிடலாமா?

2021இல் மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்த ஆசிரியர் போராட்டம் ஊதிய முரண்பாட்டை நாடறியச் செய்தது. நேரத்தைப் பற்றிய கேள்வியோ இன்னும் உரத்து எழவில்லை. அது புதிய கேள்வியுமன்று. சர்வதேசத் தொழில் தாபனமும் யுனெஸ்கோவும் இணைந்து 1966இல் வெளியிட்ட ஆசிரியர் அந்தஸ்துப் பற்றிய பரிந்துரை, பாட ஆயத்தத்துக்கும் மதிப்பீட்டுக்கும் செல்லும் நேரத்தையும் கருத்திற் கொண்டே வேலை நேரம் வகுக்கப்படல் வேண்டும் என்றது.

எங்கள் கரைவலைத் தொழிலாளர் இதனை எவரிடமும் கற்கவில்லை. வலை பொத்துவதும் தொழிலே என்பது அவர்களுக்குத் தெரியும். பாட்டைப் பங்கிடும்போது வலைக்கும் ஒரு பங்கு ஒதுக்குகின்றனர். வலை நீரில் நிற்கும் நேரத்தை மட்டுமே உழைப்பென்று கணக்கிடுவது அரசாங்கம்தான்.

நாம் கேட்பது சலுகையன்று. கொப்பி திருத்தும் நேரம் வேலை நேரமாக எண்ணப்படட்டும். வகுப்பின் அளவு குறையட்டும். எழுத்து வேலைக்குத் தனி ஊழியர் வரட்டும். தனியார் வகுப்புக்குப் பணம் கட்ட வழியற்ற மீனவனின் பிள்ளைக்கும் உப்பளத் தொழிலாளியின் பிள்ளைக்கும் பாடசாலை ஆசிரியரை விட்டால் வேறு ஆசிரியர் இலர். அந்த ஒருவர் சோர்ந்து விழாமல் இருப்பது அப்பிள்ளைகளின் உரிமையுமாகும்.