ஐந்தாவது கதிரை

போர்ட் கேம் ஒன்று செய்கிறேன் என்று சொன்னால் நம்மட பக்கம் இரண்டு கேள்விதான் வரும். "அது கெம்பஸ்ல ஒரு பாடமா புள்ள?" என்பது ஒன்று. "அதில தாயக்கட்டை இரிக்கா?" என்பது மற்றது. முதலாவதுக்கு இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். இரண்டாவதுக்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு நாலு மாதம் பிடித்தது.

ஒலுவிலில், கலை கலாசார பீடத்தில் புவியியல் படிக்கிறேன். இரண்டாம் வருடத்தில் கல்லோயாத் திட்டம் பற்றி வாசிக்க வேண்டியிருந்தது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை, இங்கினியாகலையில் அணை, சேனநாயக்க சமுத்திரம், குடியேற்றங்கள் என்று நோட்ஸில் இருக்கும். எங்கட வாப்பாவுக்கு சம்மாந்துறைப் பக்கம் கொஞ்சம் வயல் இரிக்கி. அதே தண்ணீரை அவர் வேறு விதமாகச் சொல்வார்: "மேல உள்ளவன் குடிச்சி, கழுவி, மிச்சத்தத்தான் நமக்கு உடுவான்." நோட்ஸில் உள்ள கல்லோயாவும் வாப்பாவின் வாயில் உள்ள கல்லோயாவும் ஒரே வாய்க்கால்தான் என்று எனக்கு விளங்கியது, நோமன் அப்ஹொஃப் 1992இல் எழுதிய 'லேர்னிங் ஃப்ரம் கல் ஓயா' என்ற புத்தகம் கையில் கிடைத்த பிறகுதான்.

அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980களின் தொடக்கத்தில் கல்லோயா இடதுகரை வாய்க்கால்கள் சிதைந்து போய்க் கிடந்தன. தண்ணீர் கடைசி வயல்களுக்குப் போய்ச் சேருவதில்லை. மேலே சிங்கள விவசாயிகள், கீழே தமிழரும் முஸ்லிம்களும். கொழும்பில் இருந்த விவசாய ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, 1981இல் இளம் பட்டதாரிகளைக் கிராமங்களில் தங்க வைத்தார்கள். அவர்கள் கையில் கட்டுமானத்துக்குக் காசு இல்லை. வீடு வீடாகப் போய்க் கதைப்பதுதான் வேலை. அந்த வருடம் தண்ணீர் மிகக் குறைவு. அப்படியிருந்தும் சில வாரங்களுக்குள் விவசாயிகள் தாங்களாகவே வாய்க்கால் துப்புரவு செய்து, முறை வைத்துப் பாய்ச்சி, மிச்சம் பிடித்துக் கீழே விடத் தொடங்கினார்கள்.

எப்படி என்று கேட்டால் அந்தப் புத்தகத்தில் பல பக்கங்களில் பதில் இருக்கிறது. எனக்கு அதை வாசிப்பதை விட ஒரு மேசையில் நடத்திப் பார்க்க வேண்டும் போல இருந்தது. கேம் அங்கே இருந்துதான் வந்தது.

முதல் மாதிரியை ஒரு பின்னேரத்தில் செய்தேன். பழைய கலண்டர் ஒன்றின் பின்பக்கம், ஐந்து வயல், ஒரு வாய்க்கால். தண்ணீருக்கு கண்ணாடி மாபிள், குளத்துக்கு ஒரு யோகட் கப். எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதை லூடோப் பெட்டியில் இருந்து எடுத்த கட்டையை உருட்டித் தீர்மானிப்பது. முதலாவது ஆள் கப்பில் இருந்து விரும்பிய அளவு மாபிளை எடுத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பார். அப்படியே ஐந்தாவது ஆள் வரைக்கும் போகும்.

மாமா வந்து பார்த்தார். மாபிளை விரும்பினார். கட்டையைக் கண்டதும் முகம் மாறிவிட்டது.

நர்தஷீர் என்ற பாரசீக விளையாட்டைக் கடுமையாக எச்சரிக்கிற ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. கட்டை உருட்டி ஆடுவதை அதை வைத்தே பெரும்பாலான அறிஞர்கள் தடுக்கிறார்கள். சதுரங்கத்தில் கருத்து வேறுபாடு உண்டு. கரம் போர்ட்டைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை, ஊரில் கிளப்புக்கு ஒன்று இருக்கிறது. இன்னொரு பக்கம், பாம்பும் ஏணியும் விளையாட்டுக்கு 'ஷத்ரஞ்ஜுல் ஆரிஃபீன்' என்று ஒரு சூஃபி வடிவமே இருந்திருக்கிறது, குணங்களைக் கட்டங்களாக வைத்து இறைவனின் சந்நிதி நோக்கி ஏறுவது. இதையெல்லாம் மாமாவுக்குச் சொன்னேன். "சூஃபிகள்ட கணக்கு வேற, நம்மட கணக்கு வேற" என்று முடித்துவிட்டார்.

வாதாடி வெல்லலாம்தான். ஆனால் இந்த கேம் கல்முனை, நிந்தவூர், மருதமுனை வீடுகளில் விரித்து வைக்கப்பட வேண்டும் என்றால், அந்த வீடுகளில் உள்ள மாமாமார் எல்லோரோடும் நான் வாதாட முடியாது. கட்டையை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஏழு கடித உறைகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு போகத்தின் தண்ணீர்க் கணக்கு நாலு முறைக்கு எழுதப்பட்டிருக்கும்: 16, 12, 15, 9 என்பது போல. போகம் தொடங்கும்போது ஒன்றை எடுப்பது, அவ்வளவுதான். யாரும் எதையும் உருட்டுவதில்லை.

இந்த மாற்றத்தால் கேம் நல்லாகிவிட்டது என்பதுதான் சுவாரசியம். கட்டை உருட்டும்போது குறைந்த எண் விழுந்தால் எல்லோரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள், அது விதி. உறைக்குள் 9 எழுதியிருக்கிறது என்றால் அது ஏற்கெனவே நடந்துவிட்ட ஒன்று, யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். அப்போது வருவது பயம். அடுத்த முறை தண்ணீர் வருமோ வராதோ என்ற பயத்தில் முதலாவது ஆள் தேவைக்கு மேல் அள்ளுகிறார். ஒரு வயலுக்கு ஒரு முறைக்கு மூன்று மாபிள் போதும். கூட எடுத்தால் சேமிக்கலாம், ஆனால் சேமிப்பில் ஒன்று வற்றிவிடும். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே ஐந்து அள்ளுவார்கள்.

ஆனால் பெரிய சிக்கல் அப்படியே இருந்தது. முதலாவது கதிரையில் இருப்பவர் வெல்வார். ஐந்தாவது கதிரையில் இருப்பவர் இரண்டாவது போகத்தில் ஃபோனை எடுத்துவிடுவார். விளையாடிப் பார்த்த ஒவ்வொரு முறையும் இதேதான். ஒரு தடவை தம்பியின் கூட்டாளி ஒருவன் எழும்பிப் போய் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தான், அவனுடைய முறை வந்ததையோ போனதையோ ஒருவரும் கவனிக்கவில்லை.

போகத்துக்குப் போகம் கதிரையை மாற்றலாம் என்று நினைத்தேன். வாப்பா கேட்டார்: "காணி எழும்பி நடக்குமா புள்ள?" சரி, ஒரு வயல் செத்தால் எல்லோரும் தோற்பது என்று வைப்போமா? மெட் லீகொக் 2008இல் வெளியிட்ட 'பெண்டெமிக்' அப்படித்தான், எல்லோரும் சேர்ந்து வெல்வார்கள் அல்லது சேர்ந்து தோற்பார்கள். அதற்கும் வாப்பா தலையாட்டவில்லை. "அங்கால வேளாண்மை செத்தா மேல உள்ளவன் தோத்தானா? எந்தக் காலத்தில?"

இதுதான் எனக்குத் தூக்கம் கெட்ட இடம். கேமை நியாயமாக்கினால் அது பொய். உண்மையாக விட்டால் ஐந்தாவது கதிரையில் யாரும் இருக்க மாட்டார்கள்.

எங்கள் விரிவுரையாளர் ஒருவர் அந்த நேரத்தில் புரூஸ் லேங்க்ஃபோர்ட் என்பவரின் 'ரிவர் பேசின் கேம்' பற்றிச் சொன்னார். தன்சானியாவின் உசாங்கு பகுதி விவசாயிகளோடு விளையாடியது. ஒரு சாய்வான பலகை, மேலிருந்து கண்ணாடி மாபிள்கள் உருண்டு வரும், குச்சி வைத்து மறித்துத் தங்கள் வயலுக்குள் எடுப்பார்கள். எனக்கு முன்னமே ஒருவர் மாபிளைத் தண்ணீராக்கியிருக்கிறார் என்பதில் கவலையை விட தைரியம்தான் கூட வந்தது. அங்கேயும் மேல், கீழ் என்ற இடம் மாறுவதில்லை. ஆனால் அது கூட்டம் கூட்டி, விளையாடிவிட்டு, பிறகு கதைப்பதற்கான பலகை. நான் தேடியது ஒரு வீட்டு ஹோலில், கதைக்கச் சொல்லிக் கேட்க யாரும் இல்லாத இடத்தில் ஓட வேண்டும்.

விடை வாப்பாவிடம்தான் இருந்தது, அவர் அதை விடையாகச் சொல்லவில்லை. சோறு தின்னும்போது சும்மா சொன்னார்: "கடைசி வயல்காரன்தான் குளத்தப் போய்ப் பாக்கிறவன். தண்ணி கிடைக்கிறவன் என்னத்துக்குப் போகணும்?"

உறையை ஐந்தாவது கதிரையிடம் கொடுத்துவிட்டேன். இனி குளத்தில் எவ்வளவு இருக்கிறது என்பது அவருக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு முறைக்கும் முன்னால் மூன்று நிமிடம் கூட்டம். அதில் அவர் அடுத்த எண்ணைக் காட்டலாம், காட்டாமலும் விடலாம். பொய் சொல்லலாமா என்று வீட்டில் ஒரு இரவு முழுக்க வாக்குவாதம். பொய் இருந்தால் கேம் சூடாகும் என்பது தம்பியின் கட்சி. விளையாட்டுக்கும் பொய் சொல்லப்படாது என்பது மாமாவின் கட்சி. மாமாவின் விதியே நின்றது: காட்டு, இல்லாவிட்டால் வாயை மூடு. மௌனமே போதுமான அளவு சூடு என்று பிறகு தெரிந்தது.

இதற்குப் பிறகு யாரும் ஃபோன் எடுக்கவில்லை. முதலாவது கதிரை இப்போது ஐந்தாவதின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. "ரெண்டு உடுறன், எத்தினண்டு சொல்லு" என்று பேரம் நடக்கிறது. 15 வரப் போகிறது என்று தெரிந்தால் மேலே உள்ளவர் மூன்றோடு நிற்கிறார், பயம் இல்லாததால்.

பெட்டியில் எந்த வயலுக்கும் ஊர்ப் பெயர் இல்லை. ஒன்று முதல் ஐந்து வரை எண் மட்டும்தான். ஒரு பிரதேச செயலகத்தின் எல்லையைக் கேட்டாலே குரல் உயருகிற இடம் இது, வயலுக்கு ஊர் எழுதினால் கேம் முடிவதற்குள் வேறு கதை தொடங்கிவிடும். ஆனாலும் எல்லோரும் மனதுக்குள் ஊர் எழுதிக்கொண்டுதான் விளையாடுகிறார்கள். எங்கள் பீடத்தில் உகனையைச் சேர்ந்த சிங்களத் தோழி ஒருத்தி விளையாட வந்தபோது, எங்கட பிள்ளைகள் தாங்களாகவே முதலாவது கதிரையை அவளுக்கு இழுத்துப் போட்டார்கள். அவள் போய் ஐந்தாவதில் இருந்தாள். "எங்கட வாய்க்காலில் நாங்களும் கடைசிதான்" என்றாள், அவளுடைய தமிழில். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் போகத்தில் அவள் ஒரு எண்ணையும் காட்டவில்லை, வெற்றியும் அவளுக்குத்தான்.

விதித்தாள் எழுதுவது கேம் செய்வதை விடக் கஷ்டம். எழுதியதைத் தம்பியின் கூட்டத்திடம் கொடுத்துவிட்டு நான் குசினிக்குள் போய் இருந்துகொண்டேன், வாய் திறக்கக் கூடாது என்று. "ஒரு முறையில் ஒரு முறைதான் எடுக்கலாம்" என்ற வசனத்தில் பத்து நிமிடம் சண்டை. தண்ணீரும் முறை, ஆட்டமும் முறை, தடவையும் முறை! இப்போது தண்ணீருக்கு மட்டும் 'முறை'. சிங்கள விதித்தாளை உகனைத் தோழி செய்து தந்தாள். 'வட்டை' என்ற கேமின் பெயருக்கு 'யாய' என்று போட்டாள், எனக்கு அது தமிழை விடப் பிடித்திருக்கிறது.

திருடிவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டவர்களும் உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் யோசனையைப் பாதுகாப்பதில்லை, எழுதிய விதத்தையும் வரைந்த படத்தையும்தான் பாதுகாக்கும். காப்புரிமை எடுத்தவர்களின் கதையும் பெரிய ஆறுதல் இல்லை. லிசி மேகி என்ற அமெரிக்கப் பெண் காணி வாடகையின் அநியாயத்தைக் காட்ட 'லேண்ட்லோர்ட்ஸ் கேம்' செய்து 1904இல் காப்புரிமை பெற்றார். அதில் இருந்து பிறந்த மொனொபொலியை சார்ள்ஸ் டாரோ தன்னுடையது என்று விற்றுப் பணக்காரர் ஆனார். 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் மேகிக்குக் கொடுத்தது 500 டொலர். வாடகையை எதிர்த்துச் செய்த கேம், வாடகை வாங்கிக் கொழுக்கும் கேமாக உலகம் முழுக்கப் போனது.

அச்சு வேலை கல்முனையில்தான். போர்டை ஃப்ளெக்ஸில் அடித்தோம், சுருட்டி வைக்கலாம், தேத்தண்ணி ஊற்றினாலும் துடைக்கலாம். பெட்டிக்குத்தான் அலைச்சல். கடைசியில் மருதமுனைச் சாரன் பெட்டி சரியான அளவாக வந்தது. 30 செட், ஒன்றுக்கு 1,400 ரூபாய் போல முடிந்தது, அதில் பாதி மாபிளுக்கும் பெட்டிக்கும். 1,500க்குக் கொடுக்கிறேன். உம்மா கணக்குப் பார்த்துவிட்டு, இதை விட வட்டிலப்பம் செய்து வித்தா லாபம் என்றா.

22 போய்விட்டது. இரண்டு செட்டை ஒரு விவசாய அமைப்புக்காரர்கள் வாங்கினார்கள், சிறுபோக ஆரம்பக் கூட்டத்துக்கு முன்னால் விளையாடிப் பார்க்கப் போகிறார்களாம். இரண்டாவது அச்சில் ஆறாவது உறையை மாற்ற வேண்டும், அதில் தண்ணீர் கூடிப்போய் யாருக்கும் யாரும் தேவைப்படுவதில்லை. யோகட் கப்புக்கு வாப்பா மரத்தில் மதகு ஒன்று செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார், அறுவடை முடியட்டும் என்று.