எட்டுக் கோழிகளும் நூறு சொட்டுகளும்

கதை எழுதுகிறவனுக்குக் கோழி எதற்கு என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. நாய் வளர்த்தால் யாரும் கேட்கமாட்டார்கள். கிளி வளர்த்தால் ரசிகன் என்பார்கள். பசு வளர்த்தால் புண்ணியம் என்பார்கள். கோழி என்றால் மட்டும் ஒரு புன்னகை, அதைத் தொடர்ந்து, "முட்டைக்கா, குழம்புக்கா?" என்று ஒரு கேள்வி. இரண்டுக்கும் இல்லை என்று சொன்னால் நம்புவதில்லை. இரண்டுக்கும்தான் என்று சொன்னாலோ, அதுவும் முழு உண்மை ஆகாது. ஆகவே விஷயத்தைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

திருநெல்வேலிப் பக்கத்தில், ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு இருக்கிறது. புறவாசலில் ஒரு வேம்பு, ஒரு முருங்கை, ஒரு துவைகல். இவற்றுக்கு நடுவே ஒரு சேவலும் ஏழு பெட்டைகளும் குடித்தனம் நடத்துகின்றன. எல்லாம் நாட்டுக் கோழிகள். லாப நஷ்டக் கணக்குப் பார்க்கிறவர்கள் இந்தப் பக்கம் வரவேண்டியதில்லை. நாட்டுப் பெட்டை ஆண்டு முழுவதும் பாடுபட்டாலும் 60, 70 முட்டை இடும், மிஞ்சினால் 80. அதையும் ஒரே மூச்சில் இடாது. பத்துப் பதினைந்து இட்டதும், "போதும், இனிக் குஞ்சு பொரிக்கவேண்டும்" என்று அடையில் உட்கார்ந்துவிடும். நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் இருக்கிற வெள்ளைக் கோழியோ ஆண்டுக்கு 300 முட்டைக்கும் மேல் இட்டுத் தள்ளுகிறது. ஆனால் அந்தக் கோழிக்கு அடை உட்காரவே தெரியாது. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து, அந்தக் குணத்தையே அதனிடமிருந்து நீக்கிவிட்டார்கள். அது முட்டை இடுகிற உத்தியோகம் பார்க்கிறது. என் பெட்டைகள் சம்சாரம் நடத்துகின்றன.

காலையில் கூட்டைத் திறந்ததும் நான் இரண்டு நிமிஷம் சும்மா நிற்பது வழக்கம். அந்த நேரத்தில் கைக்கு வேலை இல்லை, கண்ணுக்குத்தான் வேலை. எது முதலில் வெளியே வருகிறது, எது தயங்குகிறது, எதன் கொண்டை வெளுத்திருக்கிறது, எச்சம் கெட்டியாக இருக்கிறதா, தண்ணீராக இருக்கிறதா - இத்தனையையும் பார்த்துக்கொள்ளவேண்டும். கோழி தன் நோயை எளிதில் வெளிக்காட்டாது. நோஞ்சானாகத் தெரிந்தால் மற்றக் கோழிகள் கொத்தும் என்று அதற்குத் தெரியும். முற்றிய பிறகுதான் நமக்குத் தெரியவரும்.

பிறகு ஆளுக்கு ஒரு பிடி கம்போ நொய்யோ இறைத்தால் போதும். மிச்சத்தை அவையே கிளறித் தேடிக்கொள்ளும். கரையான் கிடைத்தால் அன்றைக்கு அவற்றுக்குக் கல்யாண விருந்து. கோழிக்குப் பல் இல்லையாகையால் சிறு கற்களைப் பொறுக்கி விழுங்கி, வயிற்றுக்குள்ளேயே இரையை அரைத்துக்கொள்கிறது. சிமெண்டுத் தரை போட்ட முற்றத்தில் வளர்ப்பவர்கள் ஒரு தட்டில் பொடிக்கல்லும் வைக்கவேண்டும். முட்டையோடு அநேகமாக முழுவதும் சுண்ணாம்புச் சத்துதான். ஆகவே அடுக்களையில் உடைத்த முட்டையின் ஓட்டை வீணாக்காமல் வறுத்து, நொறுக்கி, திரும்ப அவற்றுக்கே கொடுத்துவிடுகிறோம். முழு ஓடாகப் போட்டால் தன் முட்டையையே கொத்திக் குடிக்கப் பழகிவிடும். வேம்படியில் சாம்பலும் புழுதியும் கலந்த ஒரு குழி இருக்கிறது. அதில் புரண்டுதான் பேனை உதிர்த்துக்கொள்கின்றன. கோழிக்கு வியர்வை கிடையாது. கோடையில் வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளவேண்டும். தண்ணீர்ச் சட்டி நிழலில் இருக்கவேண்டும், மதியம் ஒரு தரம் மாற்றவும் வேண்டும்.

இரை வைக்கிற நேரத்தில் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஒரு பெட்டை மற்ற எல்லாவற்றையும் கொத்தும். இரண்டாவது, அந்த ஒன்றைத் தவிர மற்றவற்றைக் கொத்தும். இப்படியே போய், கடைசிப் பெட்டை எல்லாரிடமும் கொத்து வாங்கும், யாரையும் கொத்தாது. நார்வே தேசத்தில் ஷெல்டெரப் எபே என்கிற ஒருவர், சிறு பிள்ளையாக இருந்தபோதே கோழிகளை உற்றுப் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் குறித்துவந்தார். 1920-களின் தொடக்கத்தில் இந்தக் 'கொத்து வரிசை'யை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் அவர்தான். நம் ஊர்ப் பெண்களுக்கு அது முன்பே தெரியும். பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். இரையை இரண்டு தட்டுகளில், தள்ளித் தள்ளி வைப்பார்கள். அப்போதுதான் கடைசிப் பெட்டையின் வயிறும் நிறையும்.

அடை வைப்பதும் ஒரு கலைதான். கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, ஒன்பதோ பதினொன்றோ முட்டைகளை வைத்துப் பெட்டையை உட்காரவைத்தால் 21 நாள் தவம். இரைக்கும் தண்ணீருக்கும் சற்று நேரம் எழுந்திருக்கும். மற்றபடி அலகால் முட்டைகளைப் புரட்டிக்கொண்டே இருக்கும். புரட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்டுவிடும். ஏழாம் நாள் இருட்டில் ஒவ்வொரு முட்டையையும் டார்ச் விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்க்கிறேன். கரு ஓடியிருந்தால் சிலந்தி வலை போல ரத்த நரம்புகள் தெரியும். வெறுமையாகத் தெரிகிறவற்றை எடுத்துவிடலாம். என் தாயார் அகல் விளக்கையும் தன் உள்ளங்கையையும் வைத்துக்கொண்டே இதைப் பார்த்துச் சொல்லிவிடுவாள்.

சாயங்காலம் கோழிகள் தாமாகவே கூட்டுக்கு வந்துவிடும். நம் பங்குக்கு எண்ணிக் கதவை அடைக்கவேண்டும். எட்டு இருக்கவேண்டும், ஏழு இருந்தால் வேலியோரம் போய்த் தேடவேண்டும். இருட்டிவிட்டால் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. மரநாய் வந்தால் ஓடக்கூட வழி தெரியாமல் உட்கார்ந்திருக்கும். சினிமாவுக்குப் போனாலும் சரி, விருந்தாளி வந்தாலும் சரி, அந்தக் கதவு அடைத்தாகவேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒருவன் தன் புறவாசலுக்குள்ளேயே நின்று செய்துவிடக்கூடிய காரியங்கள். இனிச் சொல்லப்போவது அப்படிப்பட்டதல்ல.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது, 1960-ல், எங்கள் வீட்டில் இருபது கோழிகள் இருந்தன. நெல் அப்பாவின் கணக்கு. பால் பாட்டியின் கணக்கு. கோழி மட்டும் அம்மாவின் கணக்கு. முட்டை விற்ற காசையும் விடைக்கோழி விற்ற காசையும் கடுகு டப்பாவுக்குள் போட்டுவைப்பாள். சிறுவாடு என்று அதற்குப் பெயர். அந்தக் காசுக்கு யாரும் கணக்குக் கேட்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எழுதப்படாத சட்டம். அந்த வருஷம் அக்காவுக்குக் கொலுசு வாங்கவேண்டும் என்று அம்மா சேர்த்துக்கொண்டிருந்தாள்.

கோடையில் கழிச்சல் வந்தது. முதலில் கீழத்தெருவில் என்றார்கள். மறுவாரம் எங்கள் தெருவுக்கு வந்தது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வாயைப் பிளந்து மூச்சு வாங்கும். சில கோழிகளுக்குக் கழுத்து திருகிக்கொள்ளும். ஐந்து நாளில் பஞ்சாரம் காலியாயிற்று. நோய் வந்த தெருவில் நன்றாக இருக்கிற கோழிகளைப் பாதி விலைக்கு வாங்க எங்கிருந்தோ ஆட்கள் வந்துவிடுவார்கள். அவையும் சந்தைக்குப் போகும். அப்படித்தான் நோய் அடுத்த ஊருக்கு நடந்து போயிற்று. அம்மா யாருக்கும் கொடுக்கவில்லை. செத்ததை எல்லாம் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தாள். புதைத்துவிட்டு வந்து குளித்தாள். அன்றைக்கு வழக்கம்போலச் சமைத்தாள். பின்னால் அக்காவுக்குக் கொலுசு வாங்கத்தான் செய்தார்கள். அப்பா வாங்கிக் கொடுத்தார். நல்ல கனமான கொலுசு. ஆனால் அது அம்மா வாங்கிக் கொடுத்த கொலுசு அல்ல.

அந்த நோய்க்கு இங்கிலாந்தில் 'நியூகாசில்' என்று பெயர். 1926-ல் அந்த ஊர்ப் பக்கத்தில் தென்பட்டது. அதே காலத்தை ஒட்டி இமயமலைச் சாரலில், குமாவோன் பிரதேசத்து ராணிகேட்டில் அது கண்டறியப்பட்டதால் நம் நாட்டில் 'ராணிகேட் நோய்' என்றார்கள். அதே குமாவோன் மலைகளில் முக்தேசுவர் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே இருந்த கால்நடை ஆராய்ச்சி நிலையத்தார் 1940-களில் அதற்குத் தடுப்பு மருந்து கண்டுபிடித்தார்கள். அதாவது, எங்கள் பஞ்சாரம் காலியானபோது மருந்து பிறந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. மலையிலிருந்து இறங்கி எங்கள் தெருவுக்கு வர அதற்கு வழி தெரியவில்லை.

இப்போது வழி தெரியும். குஞ்சு பொரித்து ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு. எட்டாவது வாரத்தில் ஓர் ஊசி. கால்நடைத் துறையார் கோடைக்கு முன்னால் முகாம் போட்டுச் செய்வதும் உண்டு. நோய் வந்த பிறகு மருந்து கிடையாது. வருமுன் காப்பதுதான் வழி. இதில் கஷ்டம் எங்கே என்று கேட்கிறீர்களா? குப்பியில்தான்.

எட்டுக் கோழிக்கு எட்டுச் சொட்டு என்று யாரும் குப்பியில் அடைத்துத் தருவதில்லை. சிறிய குப்பியே நூறு கோழிக்கானது. பனிக்கட்டியில் வைத்துத்தான் கொண்டுவரவேண்டும். சூடு பட்டால் வீரியம் போய்விடும். மருந்துப் பொடியைக் கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்தாகவேண்டும். நாளைக்கு என்று எடுத்துவைக்க முடியாது. மருந்தின் விலையைவிட பனிக்கட்டிக்கும் பஸ்ஸுக்கும் ஆகிற செலவு அதிகம்; சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். நாலு கோழி வைத்திருக்கிறவர்கள் யார்தான் இதற்குப் புறப்படுவார்கள்? அதனால்தான் ஏழைகளின் கோழி இன்றும் கோடைக்குக் கோடை சாகிறது.

நான் குப்பி வாங்கிவந்த அன்று தெருக்கோடியில் குடியிருக்கும் அம்மாளிடம் சொல்லி அனுப்பினேன். அவளிடம் பதினைந்து கோழிகள். மகள் காலேஜுக்குப் போய்வருகிற பஸ் செலவு அந்தப் பதினைந்திலிருந்துதான் வருகிறது. வந்து நின்றவள் முகத்தில் சந்தேகம்.

"அண்ணாச்சி, மருந்து விட்டா முட்டை நின்னுருமாமே?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. முட்டையிடும் பெட்டைக்கு ஊசி போட்டால் சில நாள் முட்டை குறைவது உண்டு. அதற்காகத்தான் ஊசியை முட்டையிடும் பருவத்துக்கு முன்பே போட்டுவிடச் சொல்கிறார்கள். இது கண்ணில் விடுகிற சாதுவான சொட்டு மருந்து. 'லசோட்டா' என்று, ஏதோ ராகத்தின் பெயர் மாதிரி ஒரு பெயர். இதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள்.

"ரெண்டு நாள் முட்டை நின்னா நிக்கட்டும். கோழியே நின்னுபோறதுக்கு அது தேவல" என்றாள்.

பிறகு காரியத்தை அவளே எடுத்துக்கொண்டாள். பொழுது சாய்ந்து கோழிகள் அடைந்த பிறகு, நான் பிளாஸ்கோடும் அவள் டார்ச் விளக்கோடும் வீடு வீடாகப் போனோம். கோழியைப் பிடித்து, தலையைச் சாய்த்து, கண்ணில் ஒரு சொட்டு. அது கண்ணை மூடித் திறக்கும்வரை பொறுத்து, பிறகு விடவேண்டும். ஒரே ஒரு வீட்டில் மட்டும், "எங்க கோழிக்கு ஒண்ணும் வராது" என்றார்கள். நான் விஞ்ஞானம் பேசத் தொடங்கினேன். அம்மாள் என்னைக் கையமர்த்தினாள்.

"மதினி, ஒங்க கோழி எங்க வாசல்லதானே மேயுது? எங்க கோழி ஒங்க எருக்குழியிலதானே கிளறுது? ஒங்களுக்காவ இல்ல, எனக்காவ விடுங்க" என்றாள்.

விட்டார்கள். நான் புத்தகங்களில் படித்துத் தெரிந்துகொண்டது எல்லாம் அந்த மூன்று வாக்கியங்களில் அடங்கிவிட்டது. வேலி என்பது மனிதர்களுக்குத்தான். கோழிக்கும் கிடையாது, கழிச்சலுக்கும் கிடையாது. என் எட்டுக் கோழியை நான் எவ்வளவு கண்ணும் கருத்துமாகப் பார்த்தாலும், அடுத்த வீட்டுப் பஞ்சாரத்தைப் பார்க்காதவரையில் அந்தப் பாதுகாப்பு அரைப் பாதுகாப்புத்தான். புதிதாகக் கோழி வாங்கினால் இரண்டு வாரம் தனியே அடைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றோடு விடவேண்டும் என்பதும், செத்த கோழியை வாய்க்காலில் எறியாமல் புதைக்கவேண்டும் என்பதும் இதே நியாயத்தின் கிளைகள்.

அன்றைக்கு மொத்தம் 83 கோழிகள் ஆயின. 17 சொட்டு மிச்சம். லசோட்டாவை ஒரு தரம் விட்டால் போதாது. சில மாதங்களுக்கு ஒரு தரம் திரும்ப விடவேண்டும். அடுத்த தேதியைக் காலண்டரில் குறித்துவைத்திருக்கிறேன். நேற்று அந்த அம்மாள் வந்து, இரண்டு வீட்டில் குஞ்சு பொரித்திருப்பதாகவும், கீழத்தெருக்காரர்களும் விசாரித்ததாகவும் சொல்லிவிட்டுப் போனாள்.

"இந்தத் தரம் ரெண்டு குப்பியா வாங்கிருங்க அண்ணாச்சி. ஒண்ணு பத்தாது."