செருப்பு உரசும் சத்தம்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டின் பின்சந்தில் ஒரு ரப்பர் செருப்பு கிடந்தது. இடது கால் செருப்பு, நீல வார். சண்டை போட்டவர்கள் ஓடிப்போன பிறகு அது மட்டும் குப்புறக் கிடந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. யார் யாரை அடித்தார்கள், எதற்காக அடித்தார்கள் என்பதெல்லாம் நினைவில் இல்லை. செருப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

எனக்கு அப்போது பத்து வயது. மாமாவோடு இரண்டாவது ஆட்டம் பார்த்துவிட்டு குருசுக்குப்பத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். படம் ‘முரட்டுக்காளை’. 1980 டிசம்பரில் வந்தது. ஓடும் ரயிலின் மேல் ரஜினி போடும் சண்டைக்காகவே ஊர் திரண்டு போன படம். அந்தச் சண்டையை அமைத்தவர் ஜூடோ ரத்தினம் என்று மாமா சொல்லித்தான் தெரியும். சண்டைக்கென்று தனியாக ஒரு வாத்தியார் உண்டு என்பதே எனக்குப் புதுச் செய்தி. வழியெல்லாம் ‘டிஷ்யூம் டிஷ்யூம்’ என்று காற்றைக் குத்திக்கொண்டே வந்தேன்.

சந்து முனையில் மாமா என் தோளை இறுக்கிப் பிடித்து நிறுத்தினார். உள்ளே நாலைந்து பேர். டிஷ்யூம் இல்லை. வசனம் இல்லை. செருப்புகள் தரையில் உரசின. மூச்சு வாங்கியது. ஒருத்தன், “வேணாண்ணே, வேணாண்ணே” என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தான். அரை நிமிஷம்கூட இருக்காது. “பாக்காத, நட” என்றார் மாமா. வீடு வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் பெரியப்பாவிடம்தான் சொன்னேன். பெரியப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். இந்தோசீனா போர் முடிந்து, மார்செய் துறைமுகத்தில் கொஞ்ச காலம் இருந்து, பிரெஞ்சு பென்ஷனோடு வந்தவர். திண்ணையில் உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டார். ரயில் சண்டையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “செருப்பு கெடந்துதா?” என்று மட்டும் திரும்பக் கேட்டார்.

மார்செய் கப்பல்காரர்களும் பாரிஸ் தெருப் பையன்களும் காலால் உதைத்துச் சண்டை போடுவார்களாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெருவில் பிறந்த அந்தச் சண்டை, பிறகு விதிகளும் மேடையும் பெற்று விளையாட்டாக ஆனது. அதன் பெயர் சவாத். பிரெஞ்சில் சவாத் என்றால் தேய்ந்துபோன பழைய செருப்பு. “தெருச் சண்டைக்குப் பேரு வெச்சவன் சரியாத்தான் வெச்சிருக்கான். கடைசில மிஞ்சுறது அதுதான்” என்றார் பெரியப்பா.

அவர்தான் என்னை முத்தியால்பேட்டையில் ஒரு சிலம்ப வாத்தியாரிடம் கொண்டுபோய் விட்டார். போன அன்றே கம்பு சுற்றலாம் என்று நினைத்தேன். மாதக்கணக்கில் கம்பே தரவில்லை. காலடிதான். முன்னே ஒரு சுவடு, பின்னே ஒரு சுவடு, திரும்பி ஒரு சுவடு. “கம்பு கையில இல்லடா, காலுல இருக்கு” என்பார். அடுத்து விழக் கற்றுக்கொடுத்தார். அதற்கடுத்து அடி வாங்க. முதல் அடி முழங்கையில் இறங்கியபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. “வலிக்குதா? இதத்தான நீ அடுத்தவனுக்குக் குடுக்கப் போற” என்றார். வாத்தியாரிடம் நான் கற்ற வித்தையெல்லாம் கையைவிட்டுப் போய்விட்டது. இந்தச் சொல் போகவில்லை.

எங்கள் தெருப் பையன்கள் அப்போது விளக்குமாற்றுக் கட்டையை அறுத்து, சைக்கிள் செயினால் இணைத்து நஞ்சாக்கு செய்துகொண்டிருந்தார்கள். எல்லாம் புரூஸ் லீ செய்த வேலை. அவர் 1973 ஜூலையில் இறந்தார். ‘என்டர் தி டிராகன்’ அடுத்த மாதம் அமெரிக்காவில் வெளியானது. அதே 1973இல் ஜப்பானில் கின்ஜி ஃபுகாசாகு என்ற இயக்குநர், போருக்குப் பிந்தைய ஹிரோஷிமாவின் ரவுடிக் கும்பல்களைப் பற்றிப் படம் எடுத்தார். பல வருஷம் கழித்துத்தான் அதைப் பார்த்தேன். கேமரா தள்ளாடுகிறது. கொல்ல வந்தவனுக்குக் கை நடுங்குகிறது. புரூஸ் லீயைப் பார்த்தபோது நானும் அப்படி ஆக வேண்டும் என்று தோன்றியது. இதைப் பார்த்தபோது மார்க்கெட் சந்துக்குத் திரும்பிவிட்டேன்.

தமிழில் அந்தச் சந்துக்குள் என்னை மறுபடி நிறுத்திய படங்கள் சில உண்டு. ‘நாயகன்’ 1987இல் வந்தது. ரவுடிக்கு ஒரு கம்பீரம் கொடுத்த படம்தான். ஆனாலும் பேரன் கேட்கும் கேள்விக்கு வேலு நாயக்கரிடம் பதில் இல்லை. 2006இல் செல்வராகவனின் ‘புதுப்பேட்டை’. கொக்கி குமார் பள்ளிக்கூடத்துப் பையன். தாயைப் பறிகொடுத்து, பிச்சையெடுத்து, பயத்தோடு கும்பலுக்குள் வருகிறவன். தனுஷின் ஒல்லி உடம்பில் விழும் ஒவ்வொரு அடியும் எனக்கு வலித்தது. வெற்றிமாறனின் ‘வட சென்னை’ 2018இல். அது கொலையில் தொடங்கவில்லை, கொலை முடிந்த நொடியில் தொடங்குகிறது. ரத்தம் தோய்ந்த ஆயுதங்களோடு நண்பர்கள் அடுத்து என்ன செய்வதென்று பேசிக்கொள்கிறார்கள். படம் முழுக்க அந்த ஒரு கொலையின் வட்டிதான். இயக்குநர் மிஷ்கின் சண்டைக்கு முன்னால் கேமராவைத் தாழ்த்திக் கால்களை மட்டும் காட்டுவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் வாத்தியாரின் குரல் காதில் விழும்.

எங்கள் ஊரிலேயே நடக்கும் கதை ‘நானும் ரௌடிதான்’. 2015இல் விக்னேஷ் சிவன் எடுத்தது. சிரிக்கச் சிரிக்கப் போகிற படம். ஆனால் அதன் நடுவில் ஒரு கனம் இருக்கிறது. போலீஸ்கார அம்மாவின் மகன் ரவுடி வேஷம் போடுகிறான். நிஜ ரவுடியால் குடும்பத்தை இழந்து, காது கேட்காமல் போன பெண் அவனிடம் உதவி கேட்டு வருகிறாள். வேஷத்துக்கும் நிஜத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

எங்கள் தெருப் பையன்களுக்கும் அது தெரிவதில்லை. நாட்டு வெடிகுண்டு வீசி, வெட்டிக் கொலை என்று பேப்பரில் செய்தி வருகிறது. அடுத்த நாள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர். படத்தில் இருப்பவனுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். கறுப்புக் கண்ணாடி, பின்னால் நெருப்பு, பக்கத்தில் சிங்கம். சினிமா போஸ்டர் மாதிரியே இருக்கும். அதன் அடியில் கீரை விற்கிற அம்மா தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருப்பார்.

இதனால் சண்டைப் படமே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அந்தக் கலையை நான் மனதார மதிக்கிறேன். சண்டைப் பயிற்சியாளர் பீட்டர் ஹெயினின் அப்பா தமிழர், அம்மா வியட்நாம்காரர். அப்படிப்பட்ட குடும்பங்கள் பெரியப்பா காலத்தில் எங்கள் ஊரில் நிறைய இருந்தன. சண்டைப் பயிற்சிக்கென்று தேசிய விருது முதன்முதலாக அறிவிக்கப்பட்ட 2017இல் அதை வாங்கியவர் அவர், ‘புலிமுருகன்’ படத்துக்காக. எத்தனையோ பேர் எத்தனையோ காலம் விழுந்து எழுந்த பிறகு வந்த விருது அது. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு படப்பிடிப்பு. கார் பறந்து விழும் காட்சியை எடுக்கும்போது சண்டைக் கலைஞர் ராஜு இறந்துபோனார். திரையில் பொய்யாக விழுவதற்கும் ஒரு நிஜ உடம்பு வேண்டியிருக்கிறது.

செருப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. மறுநாள் காலை பால் வாங்கப் போகிற சாக்கில் அந்தச் சந்துக்குப் போனேன். ஒரு அம்மா குனிந்து தேடிக்கொண்டிருந்தார். கையில் நீல வார் வைத்த வலது கால் செருப்பு. “தம்பி, இது ஜோடிய பாத்தியா?” என்றார். நான் கைகாட்டினேன். எடுத்து, மண்ணைத் தட்டி, இரண்டையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு போனார். மகன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்க எனக்கு அன்றைக்குத் தைரியம் இல்லை.

படம் எடுக்க வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். ரவுடிகளைப் பற்றி எடுங்கள், தெருச் சண்டையை எடுங்கள். அடி விழும் இடத்தில் பின்னணி இசையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, செருப்பு உரசும் சத்தத்தைக் கேட்க விடுங்கள். மறுநாள் காலை ஜோடியைத் தேடி வரும் அந்த அம்மாவுக்கும் ஒரு காட்சி கொடுங்கள்.