தூங்கும் பிள்ளைக்கு எதற்கு ஊசி?

ஹைதராபாத் பாலாநகரில் லேத் பட்டறை நடத்தும் தமிழர் அவர். ஐந்து வயது மகளுக்கு நான்கு பற்கள் சொத்தை. முழு மயக்கம் கொடுத்துப் பிடுங்குவதென்று முடிவாயிற்று. "மயங்கியதும் ஈறில் மரத்துப்போகிற ஊசியும் போடுவோம்" என்றார் டாக்டர். தூங்கும் பிள்ளைக்கு எதற்கு இன்னொரு ஊசி என்பது அப்பாவின் சந்தேகம்.

மயக்க மருந்து தெளிந்ததும் புண் வலிக்கும். லிக்னோகெய்ன் அந்த இடத்து நரம்பையே தடுப்பதால் விழித்த பிறகும் சிறிது நேரம் வலி தெரியாது. அதில் சேர்க்கும் அட்ரினலின் ரத்தக் கசிவைக் குறைக்கும். குழந்தையின் எடையைப் பார்த்துத்தான் அளவு, மிஞ்சினால் ஆபத்து.

சம்மதித்தார். மகள் விழித்தாள். வலியில்லை. ஆனாலும் வீறிட்டு அழுதாள்: "அப்பா, என் உதட்டைக் காணோம்!"

வலியைவிட மரப்புக்கு மிரளும் குழந்தைகள் உண்டு. மரத்த உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வதும் உண்டு. அதனால் இந்த ஊசி அவசியமா என்பதில் டாக்டர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. மயக்கம் பற்றிய வாதம் ஹைதராபாத்துக்குப் புதிதுமல்ல. 1888லும் 1889லும் நிஜாம் ஆதரவில் இங்கே கூடிய கமிஷன்கள், குளோரோஃபார்ம் இதயத்தை நேரடியாகத் தாக்காது என்று தீர்ப்புச் சொல்லின. பின்னாளில் அது தவறென்று தெரிந்தது.

உதடு மரக்கும் என்று மகளிடம் யாரும் முன்பே சொல்லவில்லை. அப்பா கண்ணாடியைக் காட்டினார். உதடு இருந்தது. அழுகை நின்றது. மரப்பு விடும்வரை, பட்டறைக்குப் போகாமல், அவள் உதட்டைக் கடிக்காமல் பார்த்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.