தோட்டாவுக்குக் கணக்கு

ஆந்திர எல்லையோர வரதய்யபாளையத்தில் தாத்தாவிடம் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. வேர்க்கடலைக் கொல்லையில் பன்றி இறங்கினால் வானத்தைப் பார்த்துச் சுடுவார். தேர்தல் அறிவித்ததும் அதைப் பழைய வேட்டியில் சுற்றி ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். வாங்கிய தோட்டாவுக்கெல்லாம் கணக்குக் கேட்பார்களே என்று பயம். துப்பாக்கி நம் நாட்டில் உரிமை இல்லை; 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி லைசென்ஸ்தான்.

2015 ஏப்ரல் 7. திருப்பதிக்குப் பக்கத்தில் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. கல்லும் கோடாலியும் கொண்டு தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றார்கள். பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று தப்பியவர்கள் மனித உரிமை ஆணையத்தில் சொன்னார்கள். எங்கள் டீக்கடைக்குத் தமிழ்ப் பேப்பரும் தெலுங்குப் பேப்பரும் வரும். அன்று ஒன்றில் செத்தவர்கள் கூலிகள், மற்றதில் செம்மரக் கடத்தல்காரர்கள்.

அப்போது கண்ணபிரான் ஞாபகம் வந்தது. மதுரையில் பிறந்து, ஹைதராபாத்தில் நக்ஸலைட்டுகளுக்காக வாதாடிய வக்கீல். தற்காப்பா கொலையா என்பதைச் சுட்டவரே முடிவுசெய்யக் கூடாது, வழக்குப் பதிந்து கோர்ட்டில் நிரூபிக்கட்டும் என்பது அவர் கட்சி. 2009 பிப்ரவரி 6இல் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அதையே தீர்ப்பாக எழுதினார்கள். அந்த வருஷமே சுப்ரீம் கோர்ட் தடை போட்டது. தாத்தாவைக் கேட்ட கணக்கைப் போலீஸிடம் கேட்பதற்குள் இத்தனை இழுபறி. 2010 டிசம்பரில் கண்ணபிரான் போய்விட்டார்.

அவரைவிட ஒருபடி மேலாக நான் நினைப்பது பாலகோபாலை. கணக்கு வாத்தியாராக இருந்து வக்கீலானவர். போலீஸின் என்கவுன்டரைத் தட்டிக்கேட்ட அதே வாயால், நக்ஸலைட்டுகள் செய்த கொலைகளையும் கண்டித்தார். அதற்காகச் சொந்த அமைப்பையே விட்டு வெளியேறினார். எதிராளியைத் திட்ட வக்கீலுக்கு ஃபீஸ் உண்டு. தன் பக்கத்து ஆளைத் திட்ட யார் தருவார்?

சேஷாசலத்துக்கு அந்தப் பார்வை தேவைப்பட்டது. ஏனென்றால் 2013 டிசம்பரில் அதே காட்டில் வனத்துறை அதிகாரிகள் இரண்டு பேர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் தமிழ்க் கூலிகள் நூற்றுக்கணக்கில் ஜெயிலுக்குப் போனார்கள். தெலுங்கு தெரியாத பெண்சாதிகள் ஜாமீனுக்கு அலைந்தார்கள். அவர்களுக்காகவும் வக்கீல்கள் நின்றார்கள். 2016இல் திருப்பதி கோர்ட் கூலிகளை விடுதலை செய்தது. சந்தோஷம்தான். ஆனால் அந்த இரண்டு அதிகாரிகளை அடித்தது யார் என்று டீக்கடையில் ஒருவரும் கேட்கவில்லை, தமிழ்ப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நான் உள்பட.